வடுவூர் துரைசாமி ஐயங்கார்

சோழவள நாட்டில் மன்னார்குடிக்கு அருகே வடுவூர் என்னும் ஊர் உள்ளது. பரந்த ஏரியும் கோதண்டராமர் திருக்கோயிலும் அவ்வூர்க்கு அணிசெய்வன. அங்கே 1880ஆம் ஆண்டில் துரைசாமி ஐயங்கார் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார், அரசாங்க அலுவலிலும் அமர்ந்தார். அந்நாளில் பட்டமும் உத்தியோகமும் ஒருங்கே எய்தியவர் வேறொன்றை நாடுவது அரிது. திங்கள்தோறும் வரும் சம்பளமும், ஊரார் தரும் மதிப்பும் போதுமென்று அமைந்துவிடுவர். ஐயங்காரோ அவ்வலுவலைத் துறந்து, கதை எழுதி வாழ்வதெனத் துணிந்தார். தமிழிற் கதை எழுதிப் பொருளீட்டியவர் மிகச் சிலரே இருந்த காலம் அது.

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை மாயூரம் வேதநாயகம் பிள்ளை வெளியிட்டது 1879ஆம் ஆண்டில். அஃதாவது ஐயங்கார் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர்த்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் கதைகள் தமிழிற் பெருகின. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி நூல்கள் பல இயற்றினார். ஜே. ஆர். ரங்கராஜு தம் கதைகளில் கோவிந்தன் என்னும் துப்பறிபவனை உலவவிட்டார். இவ்விருவரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் மூன்றாமவர் வடுவூரார்.

இலண்டன் நகரின் இரகசியங்களைக் கட்டுக் கட்டாக எழுதிக் குவித்த ரெயினால்ட்ஸ் என்பாரின் ஆங்கிலக் கதைகள் அக்காலத்தில் இந்தியாவெங்கும் விரும்பிப் படிக்கப்பெற்றன. ஐயங்காரும் அவற்றினின்று கதைப் போக்குகளை எடுத்துக்கொண்டார். ஆயினும், எடுத்ததை அவர் நட்ட நிலம் வேறு. இலண்டன் மாநகரத்துப் பனி மூடிய வீதிகளைக் கீரனூரிலோ மணப்பாறையிலோ வாழும் ஒருவர் மனக்கண்ணிற் காண்டல் அரிது. கும்பகோணத்து வக்கீல் வீட்டுத் திண்ணையையும், அங்கே தாளைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் கட்சிக்காரரையும் நொடியிற் காண்பர். ஆகவே கும்பகோணம் வக்கீல் என்றும், மருங்காபுரி மாயக்கொலை என்றும், தம் நூல்களுக்குத் தமிழ்நாட்டு ஊர்களின் பெயர்களையே சூட்டினார். கொலையும் களவும் கடல்கடந்த நாட்டில் நிகழ்வன அல்ல. அடுத்த தெருவிலும் நிகழக்கூடும் என்னும் எண்ணமே வாசகரை அச்சமும் ஆவலும் கொள்ளச் செய்தது.

மேனகா என்னும் நாவலில் இத்திறம் நன்கு விளங்கும். புகுந்த வீட்டில் நாத்தனாரின் கொடுமைக்கு ஆளான இளம்பெண் ஒருத்தி திடீரென மறைந்துபோகிறாள். அவளுக்கு நேர்ந்தது யாதென அறியும் பொருட்டே வாசகர் பக்கங்களைப் புரட்டினர். புரட்டுங்கால், தம் வீட்டு மருமகளின் கண்ணீரையும் உடன் கண்டனர்.

அவர் படைத்த துப்பறிபவரோ திகம்பர சாமியார். துப்பறிபவருக்குத் துறவியின் கோலத்தை அளித்தது கூரிய அறிவின் செயல் என்றே கூறல் வேண்டும். நம் நாட்டில் சாமியாருக்கு அடைபடும் கதவு இல்லை. போலீஸ்காரருக்கு உரைக்காத செய்தியை அவரிடம் உரைப்போர் பலர். ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி என்னும் அம்மையார், சிற்றூரில் வாழும் மார்ப்பிள் என்னும் முதுமகளைத் துப்பறிபவராக்கி 1930ஆம் ஆண்டில் ஒரு நாவல் வெளியிட்டார். பின்னல் வேலை செய்துகொண்டு ஒருபுறம் அமர்ந்திருக்கும் கிழவியை எவரும் ஐயுறுவதில்லை. ஒருவர் செயலை ஒருவர் அறியாமை இயலாத சிற்றூரில், பிறர் அஞ்சாத ஒருவரே உண்மையை அறிய வல்லார் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

ஐயங்கார் மனோரஞ்சனி என்னும் மாத இதழை நடத்தி, அதன் வாயிலாகத் தம் நாவல்களை வெளியிட்டார். எழுதப் பழகாத நிலையில், தோழியிடம் சொல்லி எழுதுவித்துக் கதை புனையத் தொடங்கிய வை. மு. கோதைநாயகி அம்மாளின் வைதேகி என்னும் நாவலும் அவ்விதழில் இடம்பெற்றது. அவ்வம்மையார் 1925ஆம் ஆண்டில் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தவும் ஐயங்காரின் ஆதரவு உதவிற்று. பெண்ணொருத்தி கதை எழுதுவதே ஏளனத்துக்கு இடமான நாளில் இவ்வுதவி சிறிதன்று.

அவரை இகழ்ந்தோரும் உளர். இரவற் கதை என்றனர். இளைஞர் மனத்தைக் கெடுக்கும் என்றனர். முதற் குற்றச்சாட்டை முற்றும் மறுத்தல் இயலாது. வருணனைகள் நீண்டு செல்வதும், வடசொற்கள் மிகுந்து வருவதும் குறைகளே. ஆனால் ஆங்கில நூல்களையே படிப்பதைப் பெருமையாகக் கொண்டிருந்த குடும்பங்களிலும் தமிழ் நூல் ஒன்று கைம்மாறிக் கைம்மாறிக் கிழிந்துபோகுமளவு படிக்கப்பெற்றது இத்தகைய கதைகளாலேயே ஆகும்.

பிற்காலத்தில் பண்டை இனங்களின் வரலாற்றைப் பற்றி ஆங்கிலத்தில் பெரியதொரு நூல் எழுதினார். கதையிற் கைவந்த துப்புத் துலக்கும் முறையை வரலாற்றிலும் செலுத்த முயன்றார் போலும்! அந்நூலின் முடிபுகளை அறிஞர் உலகம் ஏற்கவில்லை.

மேனகா டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்க, ராஜா சாண்டோ இயக்கத்தில் 1935ஆம் ஆண்டு திரைப்படமாயிற்று. ஐயங்கார் 1942இல் காலமானார். எட்டாண்டுகள் கழித்து, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் திகம்பர சாமியாரைத் திரைக்குக் கொணர்ந்தனர். எம். என். நம்பியார் பற்பல வேடங்களில் அதில் தோன்றினார். கொட்டகைகளில் கூடியோருள் பலர் நாவலை முன்னரே படித்தவர். சாமியார் அடுத்து எவ்வேடத்தில் வருவார் என அறிந்திருந்தும், அறியாதவர் போலக் காத்திருந்து கண்டனர்.