ஜெசி ஓவன்ஸ்

விளையாட்டில் சிறந்து விளங்கிய தம் பழைய மாணவர்களைப் போற்றுவதற்காகப் புகழ் மண்டபம் அமைத்தல் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் வழக்கம். கொலம்பஸ் நகரிலுள்ள ஒகையோ அரசுப் பல்கலைக் கழகம் 1977-ஆம் ஆண்டில் அத்தகைய மண்டபம் ஒன்றை நிறுவியது. அதில் முதலாவதாக இடம் பெற்றோருள் ஒருவர் ஜெசி ஓவன்ஸ். ஆனால், 44 ஆண்டுகளுக்கு முன்பு அவர் அங்கே மாணவராகச் சேர்ந்தபோது, அப்பல்கலைக் கழக விடுதியில் தங்க அவருக்கு இடம் தரப்படவில்லை. அவர் கறுப்பினத்தவர் என்பதே அதற்குக் காரணம்.

ஓவன்ஸ் 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் அலபாமா மாநிலத்தில் ஓக்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அடிமையாக வாழ்ந்தவர். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்திற்குப் பயிரிட்டவர். ஓவன்ஸுக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் பிழைப்பை நாடிக் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் ஆசிரியர் பெயரைக் கேட்க, சிறுவர் தம் பெயரின் முதலெழுத்துகளாகிய ஜே. சி. என்பவற்றைக் கூறினார். ஆசிரியர் அதனை ஜெசி என்று எழுதிக்கொண்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

அவருடைய கால்களின் விரைவைக் கண்டறிந்தவர் சார்லஸ் ரைலி என்னும் பயிற்சியாசிரியர். மாலை வேளைகளில் ஓவன்ஸ் செருப்புப் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆதலால், ரைலி விடியற்காலையிலேயே வந்து அவருக்குப் பயிற்சி அளித்தார்.

1933-இல் பல்கலைக் கழகம் புகுந்த ஓவன்ஸுக்கு உதவித் தொகை கிடைக்கவில்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மின்தூக்கி இயக்கிப் பொருளீட்டிக்கொண்டே அவர் படித்தார். குழுவினருடன் வெளியூர் சென்றபோதும், உணவு விடுதிகளில் அவர்களோடு ஒருங்கே அமர்ந்து உண்ண இயலாத நிலை பல இடங்களில் இருந்தது. இவற்றால் அவர் உள்ளம் வருந்தினாலும் ஊக்கம் குன்றவில்லை.

1935-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஆன் ஆர்பர் நகரில் பல்கலைக் கழகங்களுக்கிடையே போட்டி நடைபெற்றது. சில நாட்களுக்கு முன் விழுந்ததனால் ஓவன்ஸின் முதுகில் வலி மிகுந்திருந்தது. எனினும், அவர் களம் புகுந்து, 45 நிமிடத்திற்குள் மூன்று உலகச் சாதனைகளை நிகழ்த்தினார். 100 கஜ ஓட்டத்தில் முன்னைய சாதனைக்கு நிகராக ஓடினார். அன்று அவர் நீளத் தாண்டலில் கடந்த 8.13 மீட்டரை வேறொருவர் விஞ்சுவதற்கு 25 ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு பெர்லினில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. தம் இனமே உயர்ந்தது எனச் செருக்கிய இட்லரின் தலைநகரில், ஓவன்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், நீளத் தாண்டல், தொடர் ஓட்டம் ஆகிய நான்கிலும் தங்கப் பதக்கம் வென்றார். ஆயினும், தாயகம் திரும்பியபோது, நியூயார்க்கில் தமக்கு நடந்த வரவேற்பிற்கே அவர் சரக்கேற்றும் மின்தூக்கியில் செல்ல நேர்ந்தது. பின்னர் வறுமை வாட்ட, குதிரைகளோடு பந்தயம் ஓடியும் அவர் பிழைத்தார்.

காலம் மெல்ல மாறியது. 1972-இல் பல்கலைக் கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. 1976-இல் குடியரசுத் தலைவர் போர்டு நாட்டின் உயர்ந்த விருதாகிய விடுதலைப் பதக்கத்தை அளித்தார். மறு ஆண்டில் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது. ஓவன்ஸ் 1980-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய விளையாட்டரங்கு ஒன்று அப்பல்கலைக் கழகத்தில் 2001-இல் திறக்கப்பட்டது.

தக்காரை உரிய காலத்தில் மதியாத குறை, பின்னாளில் செய்யும் சிறப்புகளால் முற்றும் நீங்கிவிடாது. ஆயினும், தவற்றை உணர்ந்து திருத்திக்கொள்ளுதல் நிறுவனங்களுக்கும் அழகாகும். போற்றுவார் இல்லாத நாளிலும் சோர்வின்றி உழைத்த ஓவன்ஸின் வாழ்க்கை, உழைப்பின் பெருமையையும் ஒருங்கே அக்கடமையையும் நமக்கு உணர்த்துகிறது.