ஈஸ்டின் குலம் கண்ட ஹான்சன்

டென்மார்க் நாட்டில் ரீபே என்னும் பழம்பெரும் நகரில், 1842ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் எமில் கிறிஸ்தியன் ஹான்சன். தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். மகனும் வாளியும் தூரிகையுமாக அதே தொழிலில் இறங்கினார். ஓவியராக விரும்பிக் கலைக்கழகத்தை நாடினார், இடம் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் கதைகள் எழுதியும் பொருளீட்டி, முப்பதை நெருங்கும் வயதில்தான் பல்கலைக்கழகம் புகுந்தார். சாணத்தில் முளைக்கும் காளான்களைப் பற்றிய அவரது ஆய்வுரைக்கு 1876இல் தங்கப்பதக்கம் கிடைத்தது. முகம் சுளிக்க வேண்டாம் மாணவியரே! நம் ரொட்டியை உப்பச் செய்யும் ஈஸ்டும் காளானுக்கு உறவுதான்.

பின்னர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியேற்றார். 1883இல் அவ்வாலையின் பீர் கெட்டுக் கசந்தது. இத்தகைய கேட்டுக்குப் பாக்டீரியாக்களே காரணம் என்பது லூயி பாஸ்டரின் கருத்து. ஹான்சனோ ஈஸ்டையே ஐயுற்றார். ஒரே ஈஸ்ட் என்று நம்பப்பட்டதில் பல இனங்கள் கலந்திருக்குமோ?

ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர். செல்லின் ஓரத்தில் மொட்டு அரும்பிப் பருத்து, பிரிந்து தனி உயிராகிறது. ஆகவே ஒரு செல்லைத் தனித்து வளர்த்தால், அதன் சந்ததி முழுவதும் ஒரே இனமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றைப் பிரிப்பது எங்ஙனம்? நுண்ணோக்கியில் செல்களை எண்ணினார். இரண்டு குடுவைக்கு ஒரு செல் என்ற அளவுக்கு நீர்த்து, சத்துநீர் நிறைந்த குடுவைகளில் பங்கிட்டார். நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்தார். சில நாட்களில் ஒரே ஒரு வெண்புள்ளி தோன்றிய குடுவையை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டு புள்ளி கண்டால் ஒதுக்கினார். எத்தனை பொறுமை!

உருவத்தை மட்டும் பார்த்து இனம் சொல்ல இயலவில்லை. எனவே ஈரமான ஜிப்சக் கட்டியில் ஈஸ்டைப் பட்டினி போட்டார். உணவற்ற ஈஸ்ட் மொட்டு விடுவதை நிறுத்தி, செல்லுக்குள் ஸ்போர்களை உண்டாக்கும். எந்த வெப்பத்தில், எத்தனை மணி நேரத்தில் என்பது இனத்துக்கு இனம் மாறியது. ஈஸ்ட் குடும்பத்தை வகைப்படுத்த இது உறுதியான வழியாயிற்று.

ஐயம் மெய்யாயிற்று. கசப்புக்குக் காரணம், பாஸ்டரின் பெயரால் பாஸ்டோரியானஸ் என வழங்கிய காட்டு ஈஸ்ட். 1883 நவம்பரில் தூய ஈஸ்ட் ஆலைக்குள் நுழைந்தது. உரிமையாளர் யாக்கப்சன் அதைப் பிற ஆலைகளுக்கும் இலவசமாகவே அளித்தார். அந்த நல்ல ஈஸ்டுக்கு ஹான்சன் 1908இல் கார்ல்ஸ்பர்கென்சிஸ் என்று பெயரிட்டார். மறு ஆண்டு மறைந்தார். வேடிக்கை என்னவென்றால், பிற்கால அறிஞர்கள் அதையும் பாஸ்டோரியானஸ் என்ற பெயரிலேயே சேர்த்துவிட்டனர்!

கோடையில் கனிகளின் மேலும் குளிர்காலத்தில் மண்ணிலும் வாழும் எலுமிச்சை வடிவ ஈஸ்ட் ஒன்றையும் அவர் ஆராய்ந்திருந்தார். அவ்வகை ஈஸ்டுகளின் பேரினம் இன்று ஹான்சனியாஸ்போரா எனப்படுகிறது.