‘எதிர்பாராதவிதமாக’ நடப்பதா விபத்து? இல்லை என்று காட்டிய டாக்டர்... யார் இந்த வில்லியம் ஹேடன்?

திருச்சி - சென்னை நான்குவழிச் சாலையில் பாடாலூர், சிறுவாச்சூர் வழியாக அடிக்கடி போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. அதிகாலை நேரம், ஓரமாக நிற்கும் லாரி, அதன் பின்பக்கத்தில் மோதி நொறுங்கிய கார். மறுநாள் செய்தியில் ‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல் கட்டாயம் இருக்கும். டிரைவர் கண் அசந்துட்டார் என்று ஒரு வரி. ஊரில் கேட்டால், அவங்க விதி அவ்வளவுதான் என்பார்கள்.

விதி, டிரைவர் என்ற இந்த இரண்டு பதிலோடும் திருப்தி அடையாத ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் வில்லியம் ஹேடன். அவர் அலுவலகத்தில் யாராவது ‘ஆக்சிடென்ட்’ என்று சொல்லிவிட்டால் உண்டியலில் காசு போடணுமாம். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே தற்செயல் என்ற அர்த்தம் ஒளிந்திருப்பதுதான் அவருக்குப் பிரச்னை. தற்செயல் என்று சொல்லிவிட்டால் காரணம் தேடுவதை நிறுத்திவிடுவோம் இல்லையா?

யார் இந்த ஹேடன்?

1926-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். எம்ஐடி-யில் படித்து, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே பொதுச் சுகாதாரமும் படித்தார். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை. காலராவை ஆராய்வதுபோல சாலை மரணங்களையும் ஆராயலாம் என்பது அவர் பிடிவாதம்.

முதலில் அவர் கையில் எடுத்தது டிரைவர்களைத்தான். வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாமல், தனியாக மோதி இறந்த டிரைவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை 1959-ல் வெளியிட்டார். பெரும்பாலானோர் குடித்திருந்தார்கள். அதோடு விடவில்லை. இறந்தவர் குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது, அதே சாலையில் அதே நேரத்தில் பத்திரமாகப் போனவர்கள் எவ்வளவு குடித்திருந்தார்கள் என்றும் தெரியணும். அதனால் நியூயார்க்கில் அவரும் சக ஆய்வாளர்களும் மரணம் நடந்த அதே இடத்துக்கு, அதே கிழமையில், அதே நேரத்தில் போய் நின்றார்கள். கடந்துபோன டிரைவர்களை நிறுத்தி மூச்சுக்காற்றைச் சோதித்து ஒப்பிட்டார்கள். இன்று சாதாரணமாகத் தெரியும். அன்று சாலைப் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் வாசகம் எழுதிய போர்டுதான்!

1966-ல் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 50,000 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். ரால்ஃப் நாடர் கார் கம்பெனிகளைக் கிழித்தெடுத்து எழுதிய புத்தகம் பரபரப்பைக் கிளப்பியிருந்தது. அந்த ஆண்டு வந்த புதிய சட்டப்படி உருவான தேசிய சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவர் ஹேடன். சீட் பெல்ட், மோதினால் டிரைவர் நெஞ்சில் குத்தாமல் மடங்கும் ஸ்டியரிங் தண்டு போன்றவை புதிய கார்களில் கட்டாயமானது அவர் காலத்தில்தான்.

ஒன்பது கட்டம்

ஹேடனை இன்றும் உலகம் நினைவில் வைத்திருப்பது ஓர் அட்டவணைக்காக. மோதலுக்கு முன், மோதும் நொடி, மோதிய பின் என மூன்று வரிசை. ஆள், வாகனம், சுற்றுச்சூழல் என மூன்று பத்தி. மொத்தம் ஒன்பது கட்டம்.

அந்தப் பெரம்பலூர் லாரியை இதில் வைத்துப் பாருங்கள். டிரைவரின் தூக்கம் என்பது ஒரே ஒரு கட்டம். லாரியின் பின்னால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருந்ததா, நிறுத்துவதற்கு தனி இடம் இருந்ததா, அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா? கார் உள்ளே புகாமல் தடுக்க லாரிக்குப் பின்னால் கம்பித் தடுப்பு இருந்ததா, காரில் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருந்தார்களா? 108 எத்தனை நிமிடத்தில் வந்தது? முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் தமிழக அரசின் 2021 ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் கடைசி வரிசையில் உட்காரும். சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலியில் போலீஸார் ஆள், வாகனம், சாலை என மூன்று விவரத்தையும் பதிவதும் இதே வழிதான்.

பக்கத்து அரியலூருக்கு இது தெரிந்த கதை. 1956 நவம்பர் 23 அன்று, மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் பலி. அன்று கேள்வி என்ஜின் டிரைவரோடு நிற்கவில்லை. பாலத்துக்குப் போனது, அங்கிருந்து டெல்லிக்குப் போனது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே அரியலூரில் இன்று சிமென்ட் லாரி, சுண்ணாம்புக்கல் லாரிகளோடு பைக்கில் போகிறவர் அடிபட்டால், கேள்வி ஓட்டியவரைத் தாண்டுவதே அபூர்வம்.

சறுக்கிய இடம்

1969-ல் அரசுப் பதவியை விட்டு, காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையத்துக்குத் தலைவரானார் ஹேடன். ஆட்களைத் திருத்துவது கஷ்டம், தானாகக் காப்பாற்றும் ஏர்பேக்கே நல்லது என்பது அவர் கட்சி. இதில் அவர் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-லேயே பெல்ட் போடுவதைக் கட்டாயமாக்கியது, மரணங்கள் குறைந்தன. அமெரிக்காவோ ஏர்பேக் சண்டையில் ஆண்டுகளைக் கழித்தது.

1985 மார்ச் 4 அன்று, 58 வயதில் ஹேடன் இறந்தார். அதற்கு மூன்று மாதம் முன்புதான், அமெரிக்காவின் முதல் கட்டாய சீட் பெல்ட் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. அவர் வேலையைத் தொடங்கிய அதே நியூயார்க் மாநிலத்தில்.