கடைக்காரரின் செவி

நான் மாணவனாக ஹெவ்லொக் டவுனில் மாமா வீட்டில் தங்கிப் படித்த காலத்தில், அடுத்த வீட்டு வானொலிப் பெட்டி இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பை மதிலுக்கு இப்பாலும் அனுப்பிக்கொண்டிருக்கும். அவ்வாறுதான் லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வரின் குரல் என் செவிக்கு எட்டிற்று. கருநாடக இசையே இசையென்றிருந்த எங்கள் வீட்டில், அது வெறும் இரைச்சலென்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பை நானும் ஒப்புக்கொண்டேன். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஆசிரியத் தொழிலிற் புகுந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரே, 'பீற்றில்ஸ்' என்னும் அக்குழுவினரின் முதல் நெடுந்தட்டு உருவான வரலாற்றைப் படித்தேன். பாடிய நால்வரைவிடப் பாடாத ஒருவரே என் நெஞ்சில் தங்கிவிட்டார். அவர் பெயர் பிறையன் எப்ஸ்டீன்.

1934 செப்ரெம்பர் 19ஆம் நாள், லிவர்பூலில் தளபாட வாணிகம் செய்த யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பத்து வயதில் ஒரு பள்ளி அவரை வெளியேற்றியது. பின்னர் பள்ளி பள்ளியாக அலைந்தார். ஆடை வடிவமைக்க விரும்பினார், தந்தையார் இசையவில்லை. படைச் சேவையும் நிலைக்கவில்லை. இலண்டன் அரச நாடகக் கலைக்கழகத்திற் சேர்ந்து, அதனையும் இடையில் விட்டுத் திரும்பினார். எஞ்சியது குடும்பக் கடையின் இசைத்தட்டுப் பகுதி ஒன்றே. அங்கேதான் அவரது இயல்பு வெளிப்பட்டது. எவர் எந்தத் தட்டைக் கேட்டாலும், இல்லையென்று அனுப்பாது தருவித்துக் கொடுப்பதை நெறியாகக் கொண்டார்.

வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட தட்டைத் தேடப் புகுந்தபோதே இக்குழுவை அறிந்ததாக அவர் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். 1961 நவம்பர் 9ஆம் நாள் நண்பகலில், கடைக்கு அண்மையிலிருந்த 'கவேர்ண்' என்னும் நிலவறை அரங்கிற்குப் படியிறங்கினார். தோற்சட்டை அணிந்து, மேடையிலேயே உண்டும் புகைத்தும் நின்ற இளைஞரைக் கண்டார். பிறர் ஒழுங்கின்மையைக் கண்ட இடத்தில் அவர் செவி இசையைக் கேட்டது. விரைவில் அவர்களுடைய முகாமையாளரானார். 1962 புத்தாண்டு நாளில் டெக்கா கம்பனியார் அவர்களைச் சோதித்துப் பின்னர் மறுத்தனர். வேறு கம்பனிகளும் கதவடைத்தன. இறுதியில், ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பார்லபோன் பிரிவிலிருந்த ஜோர்ஜ் மார்ட்டின் செவிசாய்த்தார்.

இங்கேதான் நம்மவர் அறியவேண்டிய ஒரு பெயர் வருகிறது. அன்று அக்குழுவில் டிரம் வாசித்த பீற் பெஸ்ற், 1941இல் சென்னையிற் பிறந்தவர். அவருடைய அன்னையார் தம் வீட்டு நிலவறையில் நடத்திய கோப்பிக் கழகமே இவ்விளைஞருக்குத் தொடக்கத்தில் மேடை தந்தது. 1962 யூன் 6ஆம் நாள் ஒலிப்பதிவில் பெஸ்ற்றின் வாசிப்பு மார்ட்டினுக்கு நிறைவளிக்கவில்லை. தோழர் மூவரும் அவரை விலக்கத் தீர்மானித்தனர். அதனைச் சொல்லும் பொறுப்பையோ முகாமையாளரிடம் விட்டனர். ஆகஸ்ட் 16ஆம் நாள் எப்ஸ்டீன் அவரைத் தம் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னார். வேறொரு குழுவில் இடம் தேடித் தரவும் முற்பட்டார். எத்தனையோ வாயில்களிற் தாம் தள்ளப்பட்டவர், அன்று ஒருவரைத் தள்ள நேர்ந்தது.

அடுத்த ஆறு மாதங்களுள், 1963 பெப்ரவரி 11ஆம் நாள், இலண்டன் அபி வீதிக் கலையகத்தில் 'பிளீஸ் பிளீஸ் மீ' என்னும் நெடுந்தட்டு உருவாயிற்று. பதினான்கு பாடல்களில் நான்கு முன்னரே சிறுதட்டுகளில் வெளிவந்தவை. எஞ்சிய பத்தையும் காலை 10 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்குள் பாடி முடித்தனர். ஜோன் லெனனுக்கு அன்று தடிமன். குரலைக் கிழிக்கும் பாட்டொன்றை இறுதிக்கென ஒதுக்கி வைத்தனர். பெஸ்ற்றின் இடத்தில் றிங்கோ ஸ்ரார் இருந்தார். மார்ச் 22ஆம் நாள் வெளியான அத்தட்டு, மே மாதத்திலிருந்து தொடர்ச்சியாக 30 வாரங்கள் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது.

இதனைப் படித்தபோது என் மாணவன் ஒருவனின் நினைவு வந்தது. இசைப்போட்டிக்கு முதல் நாள் அவனை எங்கள் குழுவிலிருந்து நீக்கினேன். மிருதங்கத்தைத் துணியிற் சுற்றித் தோளில் சுமந்து, ஒத்திகைக்கு எவர்க்கும் முன்பாக வருபவன். தாளம் பிசகியது உண்மை. மற்றப் பிள்ளைகள் முறையிட்டதும் உண்மை. கேடயம் எங்களுக்கே கிடைத்தது. ஆனால் முடிவைச் சொல்லும்போது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த பதிவேட்டைப் பார்த்தேன். அதன்பின் அவன் மிருதங்கம் கொண்டு வந்ததில்லை.

எப்ஸ்டீனின் சொந்த வாழ்வு தனிமை மிக்கது. ஆண்கள்மீதே நாட்டங்கொண்ட அவரை அந்நாட்டுச் சட்டம் குற்றவாளியாகக் கருதிற்று. 1967 யூலையில் அச்சட்டம் தளர்ந்தது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 27ஆம் நாள், தூக்க மருந்து மிகுந்து இலண்டனில் அவர் இறந்தார். விபத்தென்று விசாரணை முடிந்தது. வயது 32. நால்வரும் அப்போது வேல்ஸ் நாட்டில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயின்றுகொண்டிருந்தனர். பெஸ்ற்றோ நெடுங்காலம் காத்திருந்தார். 1995இல் பழைய ஒலிப்பதிவுகள் தொகுத்து வெளியிடப்பட்டபோது அவருடைய வாசிப்பும் உலகின் செவிக்கு எட்டியது.

தேர்வதும் நீக்குவதும் ஆசிரியர் தவிர்க்கவியலாத கடமைகள். பிறர் கேளாத இசையைக் கேட்கும் செவி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. நீக்கப்படும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வதும், அவனுக்கு வேறோர் இடத்தைக் காட்டி அனுப்புவதும் எவராலும் ஆகும். அந்தக் கடைக்காரர் அதனைச் செய்தார். நான் செய்யத் தவறினேன்.