சிதம்பரம் பிள்ளையும் ஜில்லா நியாயஸ்தலமும்

அமெரிக்க தேசத்தின் பல ராஜ்யங்களில் விசாரணை நீதிபதிகளை அந்தந்தப் பகுதியின் ஜனங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமது நாட்டில் அவ்வழக்கம் இல்லை. அது வேண்டுமென்று நாம் வாதிக்கவுமில்லை. எனினும், நீதிபதி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற வினா நமக்கும் உரியதே. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இந்நோக்குடன் படிப்போர் சிலரே.

1872-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் உலகநாத பிள்ளையின் குமாரராய் அவர் பிறந்தார். தாமும் பிளீடர் பரீக்ஷையில் தேறி அவ்வூரிலேயே தொழில் தொடங்கினார். எளியவர் பொருட்டுப் போலீஸாரை எதிர்த்து வழக்காடியதால் அதிகாரிகளின் பகை மூண்டது. அதுகண்டு கவலையுற்ற தகப்பனார் 1900-ல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். பகையினின்று விலகட்டும் என்பது தந்தையின் எண்ணம், நடந்ததோ வேறு.

முத்துக்குளிக்கும் அக்கடற்கரையில், கொழும்புக்குச் செல்லும் கப்பல் போக்குவரத்து வெள்ளையர் கம்பெனியின் கைவசமிருந்தது. 1906 அக்டோபரில், பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாயாகச் சுதேசி நாவாய்ச் சங்கத்தை அவர் நிறுவினார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிக் கூலி உயர்வும் பெற்றுத் தந்தார்.

அப்போது திருநெல்வேலி ஜில்லாவின் கலெக்டர் விஞ்ச் துரை. தீர்வை வசூலிப்பவர் அவர்; ஜில்லாவின் அமைதிக்குப் பொறுப்பாளி அவர்; ஜில்லா மாஜிஸ்டிரேட்டும் அவரே! பிள்ளையவர்களையும் சுப்பிரமணிய சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் ஜில்லாவை விட்டு நீங்கும்படி கேட்டவர், அவர்கள் மறுக்கவே, ஜாமீன் நடவடிக்கையில் மார்ச் 12-ந் தேதி சிறைக்கு அனுப்பினார். மறுநாள் ஊர் கொதித்தெழுந்தது; துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். குற்றஞ் சாட்டுபவரே மாஜிஸ்டிரேட்டாக வீற்றிருந்தால் ஜனங்கள் எங்கே போய் முறையிடுவது?

ராஜத்துரோக வழக்கை விசாரித்தவர் அடிஷனல் ஸெஷன்ஸ் நீதிபதி பின்ஹே துரை. கலெக்டரைப் போலவே அவரும் ஸிவில் ஸர்வீஸ்காரர். ஜூலை 7-ந் தேதி, முப்பத்தைந்து வயதுப் பிளீடருக்கு இரட்டை ஆயுள் தீவாந்தர சிக்ஷை விதித்தார். அப்பீலில் சென்னை ஹைகோர்ட்டு அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. அதே சாக்ஷியம், அதே சட்டம். கலெக்டரின் ஜில்லாவுக்கு வெளியே கேட்கப்பட்டபோது தண்டனை இவ்வளவு சுருங்கிற்று.

நீதிபதியை ஜனங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் இவ்வநீதி நேர்ந்திராது என்பார் உண்டு. நாம் அதை ஒப்புவதற்கில்லை. 1908-ல் வோட்டுரிமை சொத்துள்ள சிலருக்கே. அவர்களிற் பலர் கலெக்டரின் தயவை நாடி நின்றவர்கள். எல்லோருக்கும் வோட்டு இருந்திருப்பினும், அடுத்த தேர்தலை எண்ணித் தீர்ப்பெழுதுபவர், அடுத்த பதவியுயர்வை எண்ணி எழுதுபவரினும் மேலானவராகார்.

கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் செக்கிழுத்து, 1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் வெளிவந்தார். சங்கம் 1911-லேயே கலைந்துவிட்டது. வக்கீல் ஸனதும் பறிபோயிருந்தது. வறுமையில் பல வருஷங்கள் கழிந்தபின், வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் அதைத் திரும்பப் பெற்றார். நன்றிக்கு அடையாளமாகத் தம் புதல்வருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்மைச் சிறைப்படுத்திய நியாயஸ்தலங்களிலேயே மீண்டும் ஏழைகளுக்காக நின்று வாதாடினார். 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார். அன்றும் கலெக்டரே ஜில்லா மாஜிஸ்டிரேட்.

நிர்வாகத்தினின்று நீதியைப் பிரிக்கவேண்டுமென 1950-ல் அமலான அரசியல் சாஸனத்தின் 50-வது பிரிவு கூறிற்று. ஜில்லா நீதிபதி நியமனத்துக்கு ஹைகோர்ட்டின் ஆலோசனையை 233-வது பிரிவு கட்டாயமாக்கிற்று. 1974 ஏப்ரல் முதல் குற்ற விசாரணை நீதி மாஜிஸ்டிரேட்டுகளிடம் சேர்ந்தது. ஆயினும், சமாதானத்துக்கு ஜாமீன் கேட்கும் அதிகாரம் நிர்வாக மாஜிஸ்டிரேட்டுகளிடமே விடப்பட்டது; நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கும் அதிகாரமும் 1980-ல் அவர்களிடமே சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமும் அதை அங்கேயே வைத்திருக்கிறது. பிள்ளையவர்கள் முதன்முதல் சிறை புகுந்தது அத்தகைய ஜாமீன் நடவடிக்கையில்தான். அவ்வதிகாரத்தையும் நீதி மாஜிஸ்டிரேட்டுகளிடம் ஒப்படைக்குமாறு சட்டசபை அங்கத்தினர்கள் கோர வேண்டும்.