காற்றில் கலந்த இரகசியம்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவி

எங்கள் ஊர் கெலமங்கலம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர். 1799 மார்ச்சில், திப்பு சுல்தானை வீழ்த்தப் புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் படை இவ்வூரில் முகாமிட்டுத்தான் சீரங்கப்பட்டணம் நோக்கி நகர்ந்தது. இரண்டு திங்களுக்குள், மே 4 அன்று, திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தார். இது நாம் அறிந்த வரலாறு. அவர் வழித்தோன்றலான ஒரு பெண், 145 ஆண்டுகளுக்குப் பின், கம்பியில்லாத் தந்திக் கருவியோடு போராடி உயிர் நீத்த கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர்தாம் நூர் இனாயத் கான். 1914 சனவரியில் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை இனாயத் கான் வீணை வல்லவர், சூஃபி ஞானி. திப்புவின் குருதி அவருடைய தாய்வழியே வந்தது. நூரின் அன்னை அமெரிக்க மாது. பாரிசு நகருக்கு அருகே வளர்ந்த நூர் இசை பயின்றார். குழந்தை உளவியல் கற்றார். புத்த ஜாதகக் கதைகளில் இருபதைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939-இல் நூலாக்கினார். எறும்புக்கும் தீங்கு நினையாத உள்ளம்! ஆயினும் 1940-இல் செர்மானியப் படை பிரான்சை விழுங்கியபோது, இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்ற அவர், வாளாவிருக்கவில்லை. பெண்கள் துணை விமானப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார்.

1943 சூன் 16 இரவு, சிறு விமானம் ஒன்றில் பிரான்சில் இறக்கப்பட்டார். ஒற்றர் பணிக்கு அவருக்கு இடப்பட்ட பெயர் மதலேன். சில நாட்களுக்குள் அவர் சேர்ந்த குழுவினர் ஒருவர்பின் ஒருவராகப் பிடிபட்டனர். திரும்பிவிடலாம் என்று லண்டன் அழைத்தும் அவர் மறுத்தார். தாமும் போய்விட்டால் பாரிசின் செய்தி லண்டனைச் சேர வழியேது என்பதே அவர் கவலை.

இயற்பியல் பயிலும் நண்பர்களுக்கு அந்த இடரின் தன்மை எளிதில் விளங்கும். கம்பியில் செல்லும் செய்தி கம்பியோடு போகும். வானலையோ எத்திசையும் பரவும். நண்பன் கேட்கும் அலையைப் பகைவனும் கேட்கிறான். செய்தியைச் சங்கேதமொழியில் மறைக்கலாம். அலை புறப்படும் இடத்தை மறைப்பது எங்ஙனம்? வளைய வடிவ ஏரியல் பூட்டிய இரண்டு வண்டிகள் இருந்தால் போதும். ஒவ்வொன்றும் அலை வரும் திசையை வரைபடத்தில் கோடாக இட, அக்கோடுகள் வெட்டும் புள்ளியில் ஆள் அகப்படுவார்! ஆகவே நூர், 15 கிலோ அளவு எடையுள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். சுருங்கப் பேசி உடனே நகர்ந்தார். இவ்வாறு ஏறத்தாழ நான்கு திங்கள்!

அவரைப் பிடித்துக் கொடுத்தது அலையன்று, மனிதத் துரோகமே. 1943 அக்டோபரில் கைதானார். அத்துடன், அவர் அனுப்பிய செய்திகளின் படிகள் எழுதிய ஏடும் சிக்கியது. பணிக்கான ஆணையில் கூறப்பட்ட ஒரு சொல்லை, செய்திகளைச் சேர்த்து வைக்கவேண்டும் எனத் தவறாகப் பொருள் கொண்டார் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அந்த ஏட்டைக் கொண்டு பகைவர்கள் நூரைப் போலவே லண்டனுடன் பேசினர். அங்கே எழுந்த ஐயங்கள் உரிய காலத்தில் மதிக்கப்படவில்லை. அதை நம்பி அனுப்பப்பட்ட வீரர்கள் பகைவர் கையில் விழுந்தனர். நூரோ விசாரணையில் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. இருமுறை தப்ப முயன்றார். செர்மனியில் பத்துத் திங்கள் விலங்கிடப்பட்டுத் தனிச்சிறையில் கிடந்தார். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. 1949-இல் பிரித்தானிய அரசு ஜார்ஜ் சிலுவை விருதளித்துப் போற்றியது.

இவ்வரலாற்றைப் படித்த அன்று என் மனம் வீட்டை நோக்கி ஓடியது. சென்ற ஆண்டு, வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் பொய் சொல்லி, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணை அம்மாவிடம் கேட்டான். அம்மா சொல்லிவிட்டார். என் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்த 8,000 ரூபாய் போயிற்று. வீட்டில் எல்லோரும் அம்மாவைக் கடிந்தோம். நான்தான் அதிகம் கடிந்தேன். இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தேர்ந்த அதிகாரிகள் நிறைந்த லண்டனே பகைவன் குரலை நண்பன் குரலென்று நம்பியதே! சங்கேதம் எவ்வளவு வலியதாயினும், பேசுபவர் யார் என்று உறுதி செய்யாவிட்டால் பயனில்லை. அதை அம்மாவுக்குச் சொல்லித் தந்தவர் யார்? படித்த நான்கூடச் சொல்லவில்லையே!

நண்பர்களே! இன்று நம் சட்டைப்பையிலும் ஒரு கம்பியில்லாக் கருவி இருக்கிறது. நாம் பேசாதபோதும் அது கோபுரத்தோடு தொடர்பு கொண்டு, நாம் இருக்கும் இடத்தைத் தெரிவித்த வண்ணமே உள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்த புட்டசாமி, நம் எல்லைக்கு அப்பாலுள்ள கர்நாடகத்தின் முன்னாள் நீதிபதி. சட்டம் தந்த உரிமையைக் காப்பது நம் விழிப்பில் இருக்கிறது.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது யார் அழைத்து எண் கேட்டாலும், முதலில் இணைப்பைத் துண்டித்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். நீங்களும் இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் அன்னையிடம் இதைச் சொல்லுங்கள். நூரின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்!