எழும்பூர்க் கடிகாரம்

பூம்புகார்க் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம், சிலப்பதிகாரம் இவ்வூர் மக்களின் வரிசையில் குறிப்பிடும் நாழிகைக் கணக்கரை நினைத்துக்கொள்வேன். பிற்காலத்தில் இதே சோழமண்டலக் கரையோரம் வந்த கப்பல்களுக்கு நாழிகை போதவில்லை, நொடி தேவைப்பட்டது. நேரக் கணக்கில் 4 நொடி பிசகினால், வரைபடத்தில் கரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் விலகிவிடும். இருட்டில் வரும் மாலுமிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அந்த நொடியைத் தேடியவர் வில்லியம் பெட்ரி. கும்பெனி அதிகாரியான அவருக்கு வானியல் பொழுதுபோக்குதான். 1786-ல் சென்னை எழும்பூரில் இரும்பாலும் மரத்தாலும் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். தொலைநோக்கிகளோடு, வெப்பத்தில் ஊசலின் நீளம் மாறாதபடி செய்யப்பட்ட இரண்டு கடிகாரங்களும் அங்கிருந்தன. சென்னை வெயிலில் அது சிறிய காரியமல்ல. ஒரு விண்மீன் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தை இரவுதோறும் குறித்தால், கடிகாரம் முந்துகிறதா பிந்துகிறதா என்பது தெரிந்துவிடும். கரையை அளந்த மைக்கேல் டாப்பிங்குக்கு இக்கூடமே ஆதாரப் புள்ளியாயிற்று. கும்பெனியின் வணிகத்துக்கே அந்த அளவை உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெட்ரி தம் கருவிகளைக் கும்பெனிக்கு அளித்தார். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. அங்கு கணித்த சென்னை நேரப்படியே பின்னாளில் இந்திய இரயில்கள் ஓடின. 1906-ல்தான் இந்தியத் திட்ட நேரம் வந்தது.

பெட்ரி 1807-ல் சில மாதங்கள் சென்னையின் பொறுப்பு ஆளுநராக இருந்தார். 1816-ல் பினாங்கு ஆளுநராக இருக்கையில் காலமானார். ஆளுநர் பட்டியலில் அவருக்கு ஒரு வரி உண்டு. அக்காலத்து ஷெல்டன் கடிகாரம் கோடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது.